வட்டார சுகாதார நிலையம் நன்றாக நடக்கிறதா – எதை வைத்துச் சொல்வது? (குமரி மாவட்டம்)

வேளிமலைக்காரன்

வட்டார ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று உருப்படியாக நடக்கிறதா என்று சொல்ல நம் கையில் இருப்பவை மூன்று எண்கள்: ஒரு நாளைக்கு எத்தனை ஓ.பி. (வெளிநோயாளிகள்), மாதத்துக்கு எத்தனை பிரசவம், எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி. கூட்டங்களிலும் செய்திகளிலும் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் மாவட்டத்துக்கு இவை போதாது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

பிரசவத்தையே எடுத்துக்கொள்வோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கும் பரீட்சையை வைத்து யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. அதிலும் குமரி, 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம். நெய்யூரில் 1838இலேயே மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய மண். உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைக்கு நம் வீடுகளில் ஆளை வீழ்த்துவது சர்க்கரையும் பிரஷரும். 2020இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைப் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரையில் 10.8. அதற்குப் பிறகு 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். சரி, மாத்திரை வந்தது, பிரஷர் இறங்கியதா? நம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு யாராவது பொதுவெளியில் பதில் சொல்லியிருக்கிறார்களா?

நான் கேட்பது இதுதான். போன வருடம் ஒரு காலாண்டில் புதிதாகப் பதிவான பிரஷர் நோயாளிகளின் பட்டியலை எடுக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், வருகிறவர்களில் எத்தனை பேருக்கு 140/90க்குக் கீழே நிற்கிறது, வராதவர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்க வேண்டும். இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே இப்படித்தான் பார்க்கிறார்கள், புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. வாசலில் நுழையும் தலைகளை எண்ணினால், ஒரே ஆள் மாதம் ஒருமுறை வந்து போனது வருடத்தில் பன்னிரண்டு ஓ.பி. ஆகிவிடும். வருடக் கடைசியில் அவர் பக்கவாதத்தில் படுத்தாலும் அந்தப் பன்னிரண்டும் சாதனைக் கணக்கில்தான் நிற்கும்.

எண்ணிப்பார்

அளவுகோல் சரி அண்ணே. ஆனால் அதற்கு முன்னால் சுமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்தியப் பொது சுகாதாரத் தர விதிப்படி சமவெளியில் 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம், மலைப்பகுதி, பழங்குடிப் பகுதியில் 80,000 பேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் வட்டாரத்துக்கு ஒன்றாக இருக்கும் முப்பது படுக்கை ஆரம்ப சுகாதார நிலையங்களைத்தான் இந்தக் கணக்கில் காட்டுகிறார்கள். குமரியின் 2011 மக்கள்தொகை 18,70,374. நாகர்கோவிலின் சுமார் 2.25 லட்சத்தைக் கழித்துவிட்டு அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம் வரை ஒன்பது வட்டாரத்துக்கும் பங்கு வைத்தால், ஒரு வட்டாரத்துக்கு 1.8 லட்சத்துக்கு மேல் வருகிறது. விதியைப்போல் ஒன்றரை மடங்கு. குழித்துறை, குளச்சல், குலசேகரம் அரசு மருத்துவமனைகள் கொஞ்சம் சுமையை வாங்கிக்கொள்கின்றன என்பதும் உண்மை.

இன்னொரு சிக்கல். கணக்கெடுப்பில் நம் மாவட்டம் 82 சதவீதம் நகர்ப்புறம். பேரூராட்சிகள் அத்தனை இருப்பதால் வந்த கணக்கு இது. ரப்பரும் வாழையும் குளமுமாகக் கிடக்கிற ஊர்கூடக் காகிதத்தில் நகரம். கிராமப்புறம் என்று வடிகட்டி எடுக்கும் எந்த அட்டவணையிலும் நம் ஆட்களில் பெரும்பாலோர் காணாமல் போய்விடுவார்கள். அதனால் குமரியை மதிப்பிடும்போது நகரம், கிராமம் என்று பிரிக்காமல் வட்டாரத்தையே அலகாக வைத்துக்கொள்வது நல்லது.

அந்த 7.3 சதவீதத்தைப் பற்றி ஒன்று. அது பிரஷர் உள்ள எல்லோரையும் சேர்த்த கணக்கு. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் அதில் அடக்கம். நிலையத்தின் பதிவேட்டில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் எண் இயல்பாகவே பெரிதாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து முன்னேற்றம் என்று சொல்லிவிடக் கூடாது.

ரப்பர்தோட்டம்

குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியும் முன்பே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். வெட்டி முடித்து, காத்திருந்து, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு வரப் பதினொரு மணி தாண்டும். அப்புறம் குளித்துக் கிளம்பி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓ.பி. சீட்டு முடிந்திருக்கும். அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை பார்க்கும் பெண்களுக்கு இதைவிடக் கஷ்டம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. எங்கள் அம்மையே பல வருடம் சுகர் மாத்திரையை இப்படித்தான் விட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள்.

வந்தவர்களைத்தான் பதிவேடு காட்டும். வர முடியாதவர்களை எது காட்டும்? அந்த வட்டாரத்து மக்கள் என்ன வேலை செய்கிறார்களோ அந்த நேரத்துக்கு ஏற்ப நிலையம் திறந்திருக்கிறதா, வாரத்தில் ஓரிரு மாலையாவது சுகர், பிரஷர் பார்க்கிறார்களா என்பதையும் மதிப்பெண்ணில் சேருங்கள்.

பாம்புக்கடியும் சேர வேண்டும். இருட்டில் ரப்பர் மரத்துக்கு மரம் நடக்கிறவர்களுக்கு அது தினசரி பயம். எங்கள் பக்கத்தில் கடிபட்ட ஒருவரை ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, விஷமுறிவு மருந்து இருப்பில் இருந்தும் போடாமல் அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் வழியில் போன அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு?

மார்த்தாண்டத்தார்

எல்லோரும் கோபப்பட வேண்டாம். நான் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் தெருவுக்குத் தெரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் ஊரில் கையில் காசு இருப்பவர்கள் யாரும் பி.எச்.சி.க்குப் போவதில்லை. அந்தப் பணத்தை எல்லோருக்கும் காப்பீட்டு அட்டையாகக் கொடுத்துவிட்டால், பிடித்த இடத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்வார்களே?

தோவாளைப்பூ

அண்ணாச்சி, காப்பீட்டு அட்டை படுக்கையில் சேர்த்தால்தான் உதவும். முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்கும், மாதாமாதம் வாங்குகிற பிரஷர் மாத்திரைக்குக் கிடைக்காது. அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆபரேஷனே வேண்டியிருக்காது என்பதுதான் இங்கே பேச்சு.

பிரசவத்துக்கும் ஒன்று சொல்கிறேன். வேளிமலை அண்ணன் சொன்ன அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் தனியாரில் சிசேரியன் 63.8 சதவீதம், அரசில் 36 சதவீதம். சிக்கலான கேஸ் நிறைய அரசு மருத்துவக் கல்லூரிக்கு வருகிறது, அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். என் நாத்தனாருக்கு இரண்டு சுகப்பிரசவமும் எங்கள் வட்டாரத்து பி.எச்.சி.யில்தான். நர்ஸ் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார். அதை எந்த எண்ணில் எழுதுவீர்கள்?

ஆனால் குறையும் சொல்ல வேண்டும். பெண்கள் வார்டில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத நிலையத்தை நான் பார்த்திருக்கிறேன். பிரசவமான பெண் எழுந்து போய்வர இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டியிருந்தது. மதிப்பிட வருகிறவர்கள் இந்த மாதிரி இடத்துக்கும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

பணியில்_செவிலி

இந்த மாவட்டத்தில் ஒரு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன்.

ரப்பர்தோட்டம் தம்பிக்கு முதலில் பதில். பாம்புக்கடிக்கு விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய லேப் தேவையில்லை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தால், உறைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நரம்பைத் தாக்கும் விஷம் என்றால் இமை சொருகுவதே காட்டிக்கொடுக்கும். மருந்து தேவைப்பட்டால் தொடக்கத்திலேயே எட்டு முதல் பத்து குப்பி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கடுமையான ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று சமாளிக்க டாக்டர் வேண்டும். பல இடங்களில் தயக்கம் வருவது இங்கேதான். அதனால் "மருந்து இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் பதில் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை ஏற்றத் தெரிந்தவர் பணியில் இருக்கிறாரா, கடந்த வருடத்தில் எத்தனை பேருக்கு முதல் டோஸ் இங்கேயே போட்டு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் தமிழ்நாடு நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் 1994இல் வந்த மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு, அதில் ஒதுக்கிய தொகைக்குள் எங்களுக்கு எது வேண்டுமோ அதை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிரஷருக்கான அம்லோடிபின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எல்லாம் பெரும்பாலும் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கும். எங்களுக்குத் தட்டுப்பாடு ஆளும் நேரமும்தான். ஒரே நோயாளியின் விவரத்தைக் காகிதப் பதிவேட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். ஒரு நோயாளியிடம் "மாத்திரை ஏன் விட்டீர்கள்" என்று நிதானமாகக் கேட்கும் நேரத்தை அந்த எழுத்து தின்றுவிடுகிறது.

"எதுக்கெடுத்தாலும் ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்புகிறார்கள்" (அங்கேதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) என்ற பேச்சு எப்போதும் வரும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மத்திய விதிப்புத்தகத்தில் இந்த நிலையங்களில் அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம், மயக்கவியல் என்று நிபுணர்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏற்பாடு வேறு. சிசேரியன், ரத்தம், மயக்க மருந்து இவற்றையெல்லாம் சீமாங் என்கிற அவசரத் தாய்-சேய் சிகிச்சை மையங்களில் குவித்து, எங்களிடம் சுகப்பிரசவத்தையும் கண்காணிப்பையும் விட்டிருக்கிறார்கள். பிரஷர் ஏறிய கர்ப்பிணியை நேரத்தோடு மேலே அனுப்புவது நல்ல வேலையின் அடையாளம். எத்தனை பேரை அனுப்பினோம் என்று எண்ணினால், பழிக்குப் பயந்து ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். அது உயிருக்கே ஆபத்து. முடிவெடுத்ததிலிருந்து வண்டி கிளம்ப எவ்வளவு நேரம், போகும் இடத்துக்குப் போன் பண்ணினோமா, பிரசவம் எப்படி நகர்கிறது என்று குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாள் கூடவே போனதா, அந்தத் தாய் திரும்பி வந்தபின் நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோமா என்பதைக் கணக்கெடுங்கள்.

தேசியத் தரச் சான்று பற்றியும் யாராவது எழுதுவீர்கள். அதற்குத் தயாராகும்போது தொற்றுத் தடுப்பு, கழிவு பிரிப்பு எல்லாம் நிஜமாகவே மேம்பட்டது, நான் பார்த்தேன். எழுபது சதவீத மதிப்பெண் வாங்கினால் சான்று. ஆனால் மதிப்பீட்டாளர் வருவது பகலில். சாயங்காலத்துக்கு மேல் நிலையம் எப்படி இருக்கிறது என்பது அவர் தாளில் சரியாக ஏறுவதில்லை என்பது என் அனுபவம்.

அலைவாய்க்கரை

செவிலி அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி.

நான் தூத்தூர் பக்கத்து ஆள். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எங்கள் ஊர்களில் ஆழ்கடல் தொழில்தான். போட் ஏறினால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். கொச்சியிலோ மங்களூரிலோ கரை பிடித்து, அங்கிருந்தே திரும்பவும் கடலுக்குப் போவதும் உண்டு. ஒரு மாத மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு நடுக்கடலில் தீர்ந்துவிடும். பதிவேட்டில் அவர் "வரவில்லை". கண்காணிக்க வருகிறவர்கள் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய பிரஷரை எப்படி அளப்பது? எங்களுக்கு மூன்று மாத மாத்திரை ஒன்றாகக் கொடுக்க வேண்டும், கரையில் ஆட்கள் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில், ஜூன் ஜூலையில், முகாம் வைத்து எல்லோரையும் அளக்க வேண்டும். மற்ற மாதத்தில் எத்தனை முகாம் வைத்தாலும் பெண்களும் வயசானவர்களும்தான் வருவார்கள்.

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் தூங்காத வீடுகள் நிறைய. ஆள் திரும்பி வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்த அம்மாமார்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் தலைவலி, படபடப்பு என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். மனசு என்ன சொல்கிறது என்று கேட்க வட்டார நிலையத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பதும் என் பட்டியலில் உண்டு.

களியக்காவிளை_எல்லை

எங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்திரா, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. என்று எல்லாம் அங்கேதான். எல்லையோரத்து வட்டாரங்களில் "சிகிச்சையை விட்டவர்" என்று எழுதும் பலர் அந்தப் பக்கம் ஒழுங்காக மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். முஞ்சிறை, மேல்புறம் எண்களைத் தோவாளையோடு அப்படியே ஒப்பிட வேண்டாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. என் பெரியப்பாவுக்கு ஆர்.சி.சி.யில் கீமோ முடித்து, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். கடைசி மாதங்களில் வலிக்கு மருந்து வாங்க ஒவ்வொரு தடவையும் ஒருவர் எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தது. புண்ணைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு வந்த நர்ஸ் நம் சுகாதார நிலையத்தவர்தான், அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. ஆனால் வலி மருந்து அவர் கையில் இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு வலி குறைந்ததா என்பதைவிடப் பெரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பழைய_தன்னார்வலர்

மக்களே மதிப்பெண் போடும் முறை நம் மாவட்டத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதை நினைவுபடுத்தவே வந்தேன். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு எடுத்த ஐந்து மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. ஊரில் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு சேவைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்து அட்டை தயார் செய்வோம். அந்த அட்டையை வைத்துக்கொண்டு டாக்டரும் நர்சும் மக்களும் ஒரே அறையில் பேசினார்கள். முதலில் சண்டை மாதிரிதான் இருந்தது. போகப்போக, நர்ஸ் தரப்பில் "எங்கள் குவார்ட்டர்சில் தண்ணீர் இல்லை, ராத்திரி எப்படித் தங்குவது" என்று சொல்ல, பஞ்சாயத்துத் தலைவர் குழாய் போட்டுக் கொடுத்ததும் நடந்தது. எங்கள் பகுதியில் அது பிறகு தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் இந்த இழையில் கேட்கும் பாதிக் கேள்விக்கு நம்மிடமே பதில் இருந்திருக்கும்.

காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளை யாரும் இதுவரை சொல்லவில்லை. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் படகில் இக்கரை வந்து, அப்புறம் பஸ் பிடிக்க வேண்டும். வட்டார சராசரியில் அவர்கள் கரைந்துவிடுவார்கள். திருவட்டார் வட்டாரத்தின் அட்டையில் அவர்களுக்கு என்று தனி வரி வேண்டும்.

வேளிமலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்தில் என் கணக்கைத் திருத்தி எழுதுகிறேன். எல்லை தாண்டிச் சிகிச்சை எடுப்பவர்களும் கடலில் இருப்பவர்களும் "விட்டவர்" ஆக மாட்டார்கள், "வேறிடத்தில்" என்று தனிக் கட்டம் போட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய எண்ணிக்கையைச் சேர்க்காமல், அனுப்ப எடுத்த நேரமும் திரும்பி வந்தவரைத் தொடர்ந்து பார்த்ததும் என்று வைக்கலாம். பால்வெட்டு, அண்டி ஆபீஸ் ஆட்களுக்கான மாலை நேரமும், ராத்திரி பாம்புக்கடிக்கு முதல் டோஸும், வலி மருந்தும், தாழ்ப்பாளும் கண்டிப்பாக உண்டு. வட்டாரங்களை ஒன்றோடொன்று தரவரிசைப்படுத்த வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஒரு வட்டாரம் போன வருடத்து தன்னோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.

பஞ்சாயத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, அங்கே வார்டு கவுன்சிலர் வழியாகவோ, நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்துக்கு எழுதியோ, தகவல் அறியும் சட்டத்தில் மனு போட்டோ கேட்க வேண்டும். நான் எங்கள் வட்டாரத்துக்கு மனு எழுதத் தொடங்கிவிட்டேன்.

பணியில்_செவிலி

அண்ணே, மனுவில் நோயாளிகளின் பட்டியலைக் கேட்காதீர்கள். பெயர், முகவரி தர மாட்டார்கள், தரவும் கூடாது. போன வருடம் ஒரு காலாண்டில் புதிதாகப் பதிவானவர்கள் எத்தனை, அவர்களில் ஒரு வருடம் கழித்து வந்தவர்கள் எத்தனை, 140/90க்குக் கீழே எத்தனை என்று மொத்த எண்ணாக மட்டும் கேளுங்கள். மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பதில் எல்லோரும் மூழ்கியிருப்பார்கள். ஏப்ரல் கடைசியில் போட்டால் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும். கூடவே, அதே வருடத்தில் அந்த நிலையத்தில் காலியாக இருந்த டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் இடங்கள் எத்தனை, எத்தனை மாதம் காலியாக இருந்தன என்றும் ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள்.